மாணவரின் அன்றாடப் பிரயாணத்துக்கு ஏற்ற ஹைபிரிட் கார்

கலிபோர்னியா மாநிலம் 1960-ல் வகுத்துக்கொண்ட உயர்கல்வித் திட்டம், பள்ளிப்படிப்பை முடித்தவர்களில் தேர்ச்சியில் முதல் எட்டில் ஒரு பங்கினரைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினரை மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் உரியவர்களாக்கிவிட்டு, கற்க விரும்பும் மற்ற எல்லோருக்கும் சமுதாயக் கல்லூரிகளின் வாயிலைத் திறந்துவைத்தது. பிற தேசத்தார் வியந்து நோக்கிய அந்த ஏற்பாட்டின் வழியில் வளர்ந்து இன்று அங்கே 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆயினும் அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் மாணவர் விடுதி கிடையாது. ஆகவே அங்கே படிப்போர் மட்டுமன்றி, பாம்டேலில் பெற்றோர் வீட்டில் தங்கிக்கொண்டு, மலைத்தொடரைக் கடந்து நார்த்ரிட்ஜ் வரை வந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவியும், சான் பெர்னார்டினோப் பக்கத்திலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸை நோக்கிப் பொழுது விடியுமுன் புறப்படும் மாணவனும், காலையில் வகுப்பு, பிற்பகலில் கடைவேலை, இரவில் மறுபடி வகுப்பு என்று மூன்று இடங்களை ஒரே நாளில் சுற்றி வரவேண்டியவரும், தங்கள் கல்வியின் பெரும்பகுதியை ஃப்ரீவேயின் மீதே கழிக்கிறார்கள். பஸ்ஸும் ரயிலும் எட்டாத ஊர்களில் கார் இவர்களுக்குச் சுகபோகமன்று. பாடப் புத்தகத்தைப் போல அத்தியாவசியமான சாதனம். அந்தச் சாதனம் எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும், சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற ஹைபிரிட் கார் அதற்குத் தகுமா, தகுமானால் எது, எத்தகைய நிலையில், என்ன எச்சரிக்கையோடு என்பதை ஒருமுறை முழுமையாக விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், நம்பகம் என்பதை மாணவரின் நிலையிலிருந்து நோக்கவேண்டும். மாதச் சம்பளம் உள்ள ஒருவருக்குக் கார் நின்றுபோனால் அது ஒரு தொல்லை. வாடகைக் கார் எடுக்கலாம், விடுப்புச் சொல்லலாம், பழுதுபார்க்கக் கடன் அட்டையை நீட்டலாம். மாணவருக்கோ, தேர்வு நாளன்று காலை வண்டி அசையாவிட்டால் ஒரு பருவத்தின் உழைப்பே பாழாகும்; பழுதுபார்க்க 2,000 டாலர் கேட்கப்பட்டால் அடுத்த பருவத்தின் கட்டணமே ஆட்டங்கண்டுவிடும். ஆகையால் மொத்தத்தில் குறைவாகச் செலவு வைப்பது எது என்று மட்டும் கேட்பது மாணவருக்குப் போதாது. எதிர்பாராத நாளில், எதிர்பாராத அளவில் செலவு வைக்காதது எது என்றே கேட்கவேண்டும். சராசரியில் மலிவாயிருந்தும், எப்போதேனும் ஒருமுறை பேரடியாக அடித்துவிடக்கூடிய வண்டி பணக்காரருக்கு ஏற்கும்; மாணவருக்கு ஏற்காது. பின்வரும் விசாரணை முழுவதும் இந்த ஒரு அளவுகோலைக் கொண்டே நடைபெறுகிறது.

பெட்ரோல் எஞ்சினையும் மின்சார மோட்டாரையும் ஒரே வண்டியில் இணைக்கும் எண்ணம் புதிதன்று. 1900-ம் ஆண்டு வாக்கிலேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே அத்தகைய வாகனமொன்றை இயக்கிக் காட்டியிருக்கிறார். ஆனால் சாதாரணக் குடும்பத்தார் வாங்கி ஓட்டும் பொருளாக அது உருப்பெற்றது 1997 டிசம்பரில், தகேஷி உச்சியமாதா என்னும் பொறியாளரின் தலைமையில் உருவான டொயோட்டா பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோதுதான். அமெரிக்காவில் 1999-ன் இறுதியில் ஹோண்டா இன்சைட் முந்திக்கொள்ள, 2000-ல் பிரியஸ் அதைத் தொடர்ந்தது. அந்த நாட்களில் இவற்றைப் பார்த்தவர்கள், ஒரு காரில் ஒரு யந்திரம் இருந்தாலே இத்தனை பழுது வருகிறதே, இரண்டு இருந்தால் இருமடங்கு வராதா என்று சந்தேகித்தது இயல்பே. அந்தச் சந்தேகம் இன்னும் பலர் மனத்தில் உறைந்து கிடப்பதால், பிரியஸின் உள்ளமைப்பைச் சிறிது விளக்கவேண்டியது அவசியமாகிறது.

சாதாரண ஆட்டோமாட்டிக் காரில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே பல அடுக்குக் கியர்களும், அவற்றை மாற்றி மாற்றிப் பிடித்துவிடும் கிளட்சுகளும் இருக்கின்றன. தேய்வதும் உடைவதும் பெரும்பாலும் அவையே. டொயோட்டாவின் முறையில் அவை இல்லை. சூரியனைச் சுற்றும் கிரகங்களின் அமைப்பில் ஒரு பல்சக்கரத் தொகுதி இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் எஞ்சினும், நடுச்சக்கரத்தில் ஒரு மோட்டாரும், வெளிவளையத்தில் இன்னொரு மோட்டாரும் பிணைக்கப்பட்டிருக்கின்றன. முதல் மோட்டாரின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் கம்ப்யூட்டர் ஒன்று எஞ்சினின் சுழற்சியை நிர்ணயிக்கிறதேயன்றி, ஒரு கியரை விட்டு இன்னொரு கியரைப் பிடிக்கும் செயலே அங்கு நிகழ்வதில்லை. எஞ்சினைக் கிளப்புவதற்கென்று தனி ஸ்டார்ட்டரும் இல்லை, மின்சாரம் உண்டாக்கத் தனி ஆல்டர்னேட்டரும் இல்லை. இரண்டு வேலைகளையும் அந்த முதல் மோட்டாரே செய்துவிடுகிறது. 2010 மாடலிலிருந்து எஞ்சினின் முகப்பில் ஓடும் பெல்ட்டும் நீங்கிவிட்டது. பிரேக்கை அழுத்தும்போது வண்டியின் இயக்கச் சக்தியில் ஒரு பெரும்பங்கை மோட்டாரே மின்சாரமாக மாற்றிப் பாட்டரியில் சேர்த்துவிடுவதால், பிரேக் கட்டைகள் லட்சம் மைல் வரை தேயாமல் நிற்பதும் உண்டு. இவ்வாறு கணக்கிட்டுப் பார்த்தால், இரண்டு யந்திரங்கள் சேர்ந்ததனால் கூடிய உறுப்புகளைக் காட்டிலும், அவற்றால் தேவையற்றுப்போன உறுப்புகளே பழுதுக்கு அதிக இடங்கொடுப்பவை என்பது விளங்கும். 2023-ன் இறுதியில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை தன் வாசகர்களின் வண்டிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், சாதாரண ஹைபிரிட்டுகளில் பெட்ரோல் கார்களைவிட 26 சதவீதம் குறைவான குறைபாடுகளே காணப்பட்டன. வீட்டில் செருகிச் சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைபிரிட்டுகளிலோ அதே ஆய்வில் 146 சதவீதம் அதிகமான குறைபாடுகள் தென்பட்டன. பெரிய பாட்டரியும், அதற்குரிய சார்ஜரும், கூடுதல் சிக்கல்களும் கொண்ட பிளக்-இன் வகையை, பழைய கார் வாங்கும் மாணவர் கருதவே வேண்டியதில்லை என்பது என் துணிபு.

இனி சிக்கனத்தைப் பற்றி. ஹைபிரிட்டின் சிக்கனம் எல்லாச் சாலையிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதை வாங்குவோர் பலர் அறிவதில்லை. 2020 மாடல் டொயோட்டா கொரோலாவை எடுத்துக்கொண்டால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் அளவீட்டின்படி, சாதாரணக் கொரோலா ஒரு காலன் பெட்ரோலில் நகருக்குள் 30 மைலும் நெடுஞ்சாலையில் 38 மைலும் ஓடுகிறது. அதன் ஹைபிரிட் வடிவம் முறையே 53-ம் 52-ம் ஓடுகிறது. நின்று நின்று செல்லும் வழியில் ஆயிரம் மைலுக்கு 14 காலன் மிச்சமாகும்போது, தடையின்றி ஓடும் நெடுஞ்சாலையில் அதில் பாதியே, அதாவது 7 காலனே மிச்சமாகிறது. காரணம் வெளிப்படையானது: பிரேக்கில் வீணாகும் சக்தியை மீட்பதும், வண்டி நிற்கையில் எஞ்சினை அணைப்பதுமே ஹைபிரிட்டின் பிரதான சாமர்த்தியம், பிரேக்கே அழுத்தாத பாதையில் மீட்பதற்கு என்ன இருக்கிறது? ஜேம்ஸ் அட்கின்சன் 1882-ல் வகுத்த நெறியைத் தழுவி, வாயுவைச் சுருக்கும் அளவைக்காட்டிலும் விரியவிடும் அளவை அதிகமாக்கிய எஞ்சின் இவ்வண்டிகளில் இருப்பதால், நெடுஞ்சாலையிலும் ஓரளவு லாபம் எஞ்சுகிறது, அவ்வளவே.

ஒரு வழிக்கு 25 மைல், வாரத்தில் 4 நாள், ஆண்டில் 36 வாரம் என்று ஒரு மாணவரின் பிரயாணத்தை வைத்துக்கொண்டால் 7,200 மைல் ஆகிறது. காலன் நாலரை டாலர் என்று கணக்கிட்டால், லாஸ் ஏஞ்சல்ஸின் 405-ம் எண் ஃப்ரீவேயில் காலை நேரத்தில் ஊர்ந்து செல்பவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 470 டாலரும், மத்தியப் பள்ளத்தாக்கின் நேர்ச்சாலையில் ஒரே வேகத்தில் செல்பவருக்கு 230 டாலரும் மிச்சப்படும். முன்னவருக்கு அது ஒரு பருவத்தின் புத்தகச் செலவை ஈடுசெய்யக்கூடும். பின்னவரோ, அதே விலைக்கு மைல் குறைந்த சாதாரணக் கொரோலா கிடைக்குமானால் அதை வாங்குவதே உசிதம். வகுப்பு முடிந்தபின் உணவுப் பொட்டலங்களை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துப் பணம் ஈட்டும் மாணவருக்கு மட்டும் இந்தக் கணக்கு அடியோடு மாறிவிடும்: அவரது மைல்கள் பன்மடங்கு, அனைத்தும் தெருவுக்குத் தெரு நிற்பவை. ஹைபிரிட் யாருக்காகச் செய்யப்பட்டது என்று கேட்டால், அவருக்காக என்று சொல்லிவிடலாம். பெரிய நகரங்களில் டாக்ஸிக்காரர்கள் இதை விரும்பி ஏற்றதும் இதே காரணத்தால்தான்.

சிக்கனத்தைக் காட்டினாலும் மனம் தயங்குவதற்குக் காரணம் பாட்டரி. ‘அது போய்விட்டால் காரின் விலையே போய்விடும்’ என்ற அச்சம், பழைய ஹைபிரிட்டைப் பற்றிய பேச்சு எழுந்த மாத்திரத்தில் எழுகிறது. இந்த அச்சத்தை அப்படியே ஒதுக்கிவிடவும் கூடாது, அதற்கு முழுவதும் இடங்கொடுக்கவும் கூடாது. 2011-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை இரண்டு லட்சம் மைலுக்குமேல் ஓடிய 2002-ம் ஆண்டு பிரியஸ் ஒன்றைத் தேடிப்பிடித்து, பத்தாண்டுகளுக்கு முன் புதிய வண்டிக்குத் தான் செய்த அதே பரீட்சைகளைச் செய்து பார்த்தது. புதிதில் காலனுக்கு 40.6 மைல் கொடுத்த மாடல், அத்தனை ஓட்டத்துக்குப் பிறகும் 40.4 மைல் கொடுத்தது; அதன் பாட்டரியோ மாற்றப்படாதது. இந்த ஆயுளுக்கு மூலகாரணம் பாட்டரியின் உயர்தரம் மட்டுமன்று. அதை உபயோகிக்கும் முறை. கம்ப்யூட்டர் அதை ஒருபோதும் முழுக்க நிரப்புவதுமில்லை, அடிவரை வடியவிடுவதுமில்லை. கொள்ளளவின் நடுப்பகுதியிலேயே, சுமார் 40-க்கும் 80-க்கும் இடைப்பட்ட சதவீதத்திலேயே, ஏற்றியிறக்கிக்கொண்டிருக்கிறது.

இதற்கு மாறான சரித்திரமும் உண்டு. 2006-ல் வந்த ஹோண்டா சிவிக் ஹைபிரிட்டில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே ஒரு மெல்லிய மோட்டார் பொருத்தப்பட்டிருந்தது. சிறு பாட்டரியே அதற்கு ஆதாரம். வெப்பமான ஊர்களில் அந்தப் பாட்டரிகள் அகாலத்தில் சோர்ந்துபோகத் தொடங்கின. 2010-ல் கம்பெனி கம்ப்யூட்டர் நிரலை மாற்றியமைத்தபோது, பாட்டரியின் பாரம் குறைந்ததோடு, வாக்களிக்கப்பட்ட மைல்களும் குறைந்துவிட்டன என்று உரிமையாளர்கள் வழக்காடினார்கள். பார்வைக்கு அழகும் விலைக்கு மலிவுமாக இன்றும் அந்த வண்டிகள் விளம்பரங்களில் தென்படுகின்றன. மாணவர் அவற்றைக் கடந்து செல்வது நன்று. அதே ஹோண்டா, 2014 மாடல் அக்கார்டு முதலாகக் கையாண்ட இரண்டு மோட்டார் முறை வேறு ஜாதியைச் சேர்ந்தது. 2019 முதல் 2022 வரை விற்ற இன்சைட் அந்த முறையைக் கொண்ட, காலனுக்கு 50 மைலைத் தாண்டும் நல்ல வண்டி. கம்பெனியின் பெயரை மட்டும் நம்பி வாங்குவது எத்தனை தவறு என்பதற்கு, ஒரே கம்பெனியின் இவ்விரு வண்டிகளே சான்று.

பாட்டரியைப் பற்றிக் கலிபோர்னியா மாணவருக்கு ஒரு பாக்கியமும் வாய்த்திருக்கிறது. அந்த மாநிலத்தின் காற்றுத்தூய்மை விதிகளின்கீழ் விற்கப்பட்ட பிரியஸ் போன்ற வண்டிகளுக்குப் பாட்டரி வாரண்டி 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல். மற்ற பல மாநிலங்களில் அது 8 ஆண்டு, 1,00,000 மைலாகவே இருந்தது. 2020 மாடலிலிருந்து டொயோட்டா 10 ஆண்டு வாரண்டியை நாடு முழுவதற்குமே விரித்துவிட்டது. வாரண்டி வண்டியோடு செல்வது. கை மாறினாலும் அற்றுப்போவதில்லை. ஆகவே மைல் வரம்பைத் தாண்டாத ஏழெட்டு ஆண்டு வயதான வண்டி வாங்குபவர், வாரண்டி முடியும்வரை பாட்டரியைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. அதற்கும் மூத்த வண்டியை வாங்குபவர், புதிய பாட்டரிக்குச் சில ஆயிரம் டாலர் ஆகுமென்று தெரிந்துகொண்டு, அந்தத் தொகையை விலையிலேயே கழித்துப் பேசிவிடலாம். முன்கூட்டித் தெரிந்த செலவுக்குப் பயம் எதற்கு? ஆனால் ஒன்று: இரண்டாம் தலைமுறைப் பிரியஸின் பாட்டரியில் 28 துண்டங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன, கெட்ட ஒன்றிரண்டை மட்டும் மாற்றிக் குறைந்த விலைக்குச் சரிசெய்து தருவதாகச் சொல்பவர்களிடம் போகலாகாது. ஒத்த வயதுடைய மற்றவையும் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, சில மாதங்களுக்கொருமுறை அதே எச்சரிக்கை விளக்கு எரியும். மாணவருக்கு ஆகாதது என்று தொடக்கத்தில் கூறிய நிலை அதுவே.

பாட்டரியைக் கண்டு அஞ்சுபவர்கள் எஞ்சினை மறந்துவிடுகிறார்கள் என்பதே இந்த விஷயத்தில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. சந்தையில் மிகுதியாகக் கிடைப்பதும், மாணவரின் கைக்கு எட்டும் விலையில் இருப்பதும் 2010 முதல் 2015 வரையிலான மூன்றாம் தலைமுறைப் பிரியஸ். காலனுக்கு 50 மைல், விசாலமான பின்கட்டு, வழுக்கலில் வண்டியை நிலைப்படுத்தும் சாதனம், எல்லாம் அதில் உண்டு. ஆனால் எரிந்த வாயுவின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். என்ற ஏற்பாடு அதில் புதிதாகச் சேர்க்கப்பட்டது. அந்தக் குளிர்விப்பானின் நுண்ணிய துவாரங்களில் காலப்போக்கில் கரி அடைத்துக்கொள்கிறது. அடைப்பினால் ஒரு சிலிண்டருக்கு ஒரு மாதிரியும் இன்னொன்றுக்கு வேறு மாதிரியும் வாயு செல்ல, உட்சூடு ஏறி, முடிவில் எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட் பிளந்துவிடுகிறது என்பது இவ்வண்டிகளைப் பழுதுபார்க்கும் அனுபவசாலிகள் பலரின் அபிப்பிராயம். கேஸ்கட் பிளந்தால் குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசிகிறது. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது, முதல் சில விநாடிகள் வண்டியே உடைந்துவிடுமோ என்னும்படி கடகடவென்று குலுங்குகிறது. பிறகு ஒன்றும் நிகழாதது போல ஓடுகிறது. விற்பவர் எஞ்சினை முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் வாங்குபவருக்கு இது தெரியவே தெரியாது. இதைச் சரிசெய்யும் செலவு புதிய பாட்டரியின் செலவுக்குக் குறைந்ததன்று; பாட்டரிக்காவது நீண்ட வாரண்டி இருந்தது, எஞ்சினுக்கோ அது அதற்கும் முன்பே முடிந்துபோயிருக்கும்.

இதனால் மூன்றாம் தலைமுறையை முற்றிலும் தள்ளிவிடவேண்டுமென்று நான் சொல்லவில்லை. குளிர்விப்பானைக் கழற்றிச் சுத்தம் செய்திருப்பதற்கு ரசீது இருக்கிறதா, குளிர்நீர் குறைந்துகொண்டே போகிறதா, எண்ணெய் தின்கிறதா என்று பார்த்து, குளிர்ந்த எஞ்சினைத் தன் கையாலேயே கிளப்பிப் பார்த்து வாங்கியவர்கள் பலர் நிம்மதியாக ஓட்டிவருகிறார்கள். மின்சாரத்தைப் பக்குவப்படுத்தும் இன்வர்ட்டர் அதிகச் சூட்டில் செயலிழக்கக்கூடும் என்பதற்காக 2014 பிப்ரவரியில் உலகமெங்கும் ஏறத்தாழ 19 லட்சம் பிரியஸ் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தத் திருத்தம் குறிப்பிட்ட வண்டிக்குச் செய்யப்பட்டதா என்பதை அதன் 17 இலக்க எண்ணைக் கொண்டு அரசாங்கத்தின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையிடமே இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம். பிரேக் அமைப்பையும் காதால் பரீட்சிக்கவேண்டும்: வண்டியை நிறுத்திவைத்து, பிரேக்கைத் தொடாமல் இருக்கும்போதே முன்புறத்தில் ஒரு சிறு பம்ப் சில விநாடிக்கொருமுறை ஓடி ஓடி நின்றால், உள்ளே அழுத்தம் கசிகிறதென்று பொருள், அது மலிவான பழுதன்று.

இத்தனை பரீட்சைகளுக்கும் பொறுமையில்லாதவருக்கு, கையில் இன்னும் சற்றுப் பணமும் இருக்குமானால், 2016-லிருந்து வந்த நான்காம் தலைமுறைப் பிரியஸைக் காட்டிலும் சிறந்த தேர்வு இல்லையென்றே கருதுகிறேன். ஈ.ஜி.ஆர். அமைப்பு திருத்தப்பட்டது, ஹெட் கேஸ்கட் புகார் அரிதாயிற்று, காலனுக்கு 52 மைல், 2017 மாடலிலிருந்து மோதலைத் தவிர்க்கத் தானே பிரேக் போடும் வசதியும் எல்லா வண்டிகளிலும் சேர்ந்தது. அதன் முகத்தோற்றத்தைப் பலர் வெறுத்ததால் பழைய விலையில் சிறிது தாழ்வும் உண்டு; படிப்பவருக்கு அது அனுகூலமே. 2020 முதலான கொரோலா ஹைபிரிட், 2018 முதலான கேம்ரி ஹைபிரிட் இரண்டும் அதே யந்திரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நம்பகத்தில் குறைந்தவையல்ல, விலையில்தான் மாணவரைச் சற்று மிஞ்சி நிற்கின்றன. ஃபோர்டு ஃப்யூஷன் ஹைபிரிட் ஏறத்தாழ இதே கிரகச் சக்கர முறையைத் தழுவியது. டொயோட்டாவைவிட மலிவாகக் கிடைக்கும்போது கவனிக்கத்தக்கது. ஹூண்டாய் அயோனிக்கும் கியா நீரோவும் மைலில் முதல்வரிசையில் நின்றாலும், இரட்டைக் கிளட்சு கொண்ட கியர்பெட்டியை வைத்துக்கொண்டிருக்கின்றன. கிளட்சே இல்லாமல் ஓடக்கூடிய வண்டிகள் அதே விலையில் இருக்கையில், மாணவர் அவற்றை நாடவேண்டிய அவசியம் எனக்குப் புலப்படவில்லை.

2004 முதல் 2009 வரையிலான இரண்டாம் தலைமுறைப் பிரியஸைப் பற்றித் தனியே சொல்லவேண்டியிருக்கிறது. ஒருவர் மட்டும் சென்றாலும் கூட்டுப் பிரயாணத் தடத்தில் செல்லலாம் என்று 2005 முதல் 2011 வரை கலிபோர்னியா அரசாங்கம் 85,000 ஹைபிரிட்டுகளுக்கு மஞ்சள் சீட்டு ஒட்டிக்கொடுத்த காலத்து வண்டி அது. நான் அறிந்தவரையில் எஞ்சினில் அதைவிட உறுதியானது குறைவு. ஆனால் அதன் அடிவயிற்றில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் பலேடியமும் ரோடியமும் இருக்கின்றன; 2019-க்குப் பின் அவ்வுலோகங்களின் விலை வானளாவ ஏறியபோது, திருடர்கள் ஜாக்கி ஒன்றும் ரம்பம் ஒன்றும் கொண்டு, இரண்டு மூன்று நிமிஷத்தில் அதை அறுத்தெடுத்துச் செல்லலானார்கள். கல்லூரியின் வாகன நிறுத்துமிடம், நாள் முழுதும் ஆளில்லாமல் நிற்கும் கார்களால் நிறைந்தது. திருடனுக்கு அதனினும் வசதியான இடம் எது? கலிபோர்னியாவின் விதிப்படி அம்மாநிலம் அங்கீகரித்த உறுப்பையே மாற்றிப் பொருத்தவேண்டும். அது பிற மாநிலங்களில் கிடைப்பதைவிட மிகுந்த விலை. அது பொருத்தாமல் இரண்டாண்டுக்கொருமுறை வரும் புகைப் பரிசோதனையில் தேறவும் முடியாது. ஆக, ஒரு திருட்டு ஒரு பழைய காரின் மதிப்பையே விழுங்கிவிடலாம். 2022-ல் மாநிலச் சட்டசபை, கழற்றிய கன்வர்ட்டர்களை யார் யாரிடமிருந்து வாங்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றியது. உலோக விலையும் பின்னர் தணிந்தது. எனினும், அடியில் உலோகத் தகடு பொருத்திக்கொள்ளாமல் இந்த வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்துவது விவேகமன்று.

பாதுகாப்பையும் இன்ஷூரன்ஸையும் ஒருசேரக் கவனிக்கவேண்டும். சறுக்கலைக் கட்டுப்படுத்தும் சாதனம் 2012 மாடலிலிருந்து அமெரிக்காவில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயிற்று. அனுபவம் குறைந்த ஓட்டுநருக்கு அது இல்லாத வண்டியைக் கொடுக்கலாகாது. கலிபோர்னியாவில் பிறருக்கு விளைக்கும் உடற்காயத்துக்கான குறைந்தபட்ச இன்ஷூரன்ஸ் அளவு 2025 ஜனவரி 1 முதல் ஒருவருக்கு 15,000 டாலரிலிருந்து 30,000 டாலராக உயர்ந்திருக்கிறது. ஓட்டிய ஆண்டுகள் குறைந்தவருக்குக் கட்டணமும் அதிகம். ஆகையால், குறிப்பிட்ட வண்டிக்கு ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்பதை விலைபேசுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். சிக்கனத்தால் சேர்ந்த பெட்ரோல் பணம் முழுவதையும் இந்த ஒரு இனமே கொண்டுபோய்விடக்கூடும்.

வாங்கும் முறையில் ஒன்றையே வற்புறுத்துவேன். கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டியின் விலையாகக் கொடுத்துவிடாமல், அதில் நாலிலொரு பங்கையேனும் ஒதுக்கிவைக்கவேண்டும். 8,000 டாலர் வைத்திருப்பவர் 6,000 டாலர் வண்டியையே பார்க்கவேண்டும். மிஞ்சியதில் முதல் இருநூறு டாலருக்குள், ஹைபிரிட்டில் பழகிய ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டிவிடலாம். விற்பவர் அதற்கு இணங்காவிட்டால் அந்த வண்டியை நாடவேண்டாம். டாக்டர் பிரியஸ் போன்ற செயலியை, வண்டியின் கோளாறறியும் துவாரத்தில் செருகும் சிறு கருவியோடு இணைத்தால், பாட்டரியின் பகுதிகள் ஒவ்வொன்றின் நிலையையும் மாணவரே கைபேசியில் காணலாம். விபத்தில் சிதைந்து மீட்கப்பட்டதெனப் பத்திரத்தில் முத்திரையிடப்பட்ட வண்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அதற்கு வாரண்டியும் இல்லை, திரும்ப விற்கும்போது கேட்பாரும் இல்லை. நாலாண்டுக்கு மேற்பட்ட வண்டியானால், புகைப் பரிசோதனைச் சான்றைக் கொடுக்கவேண்டிய பொறுப்பு சட்டப்படி விற்பவருடையது. அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பின்னர் வருந்தும் இளைஞர்கள் அநேகர்.

வாங்கியபின் பராமரிப்பு சொற்பமே, ஆனால் தனியே கவனிக்கவேண்டிய இரண்டு இனங்கள் இதில் உண்டு. பாட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பிரியஸில் பின்னிருக்கையின் பக்கத்திலுள்ள ஒரு சிறு ஜன்னல் வழியாகவே உள்ளே செல்கிறது. புத்தகப் பையையும் உடுப்பையும் அதன்மேல் குவித்து வைத்தால், கோடைவெயிலில் பாட்டரி வெந்து அதன் ஆயுள் குறுகும். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் அதன் ரோமம் விசிறியை அடைத்துவிடும். ஆண்டுக்கொருமுறை திறந்து துடைத்துவிடவேண்டும். மற்றொன்று, பெரிய பாட்டரியன்றி எல்லாக் கார்களிலும் உள்ள 12 வோல்ட் சிறு பாட்டரி. எஞ்சினைச் சுழற்றும் வேலை இதற்கு இல்லை. கம்ப்யூட்டர்களை எழுப்பிவிடுவதே வேலை. ஆயினும் அடுப்பில் எத்தனை பெரிய விறகு இருந்தாலும் சுள்ளி இல்லாமல் தீப்பற்றாததுபோல, இது வடிந்துபோனால் அத்தனை பெரிய ஹைபிரிட்டும் அசையாது. ‘பெரிய பாட்டரி போய்விட்டது’ என்று பதறி, தேவையற்ற செலவுக்கு உடன்பட்டுவிடுவோரும் உண்டு. கோடை விடுமுறையில் மாதக்கணக்காக ஊருக்குப் போகிறவர்கள், வாரத்துக்கொருமுறை அரைமணி நேரமேனும் வண்டியை ஓட்டும்படி வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் சிறு பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவைத்துவிட்டு, திரும்பி வந்ததும் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் பெரிய பாட்டரியும் நாளடைவில் தானே வடியுமாதலால், இரண்டு மூன்று மாதங்களுக்கு மேல் தொடாமல் விடலாகாது.